நான் அழித்த பின்னூட்டங்கள்

உதைபந்தாட்டம் எனக்குக் கல்யாணத்தோடு வந்தது. நான் வளர்ந்தது வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில். அங்கே கிரிக்கெட்தான் விளையாடுவோம், வீட்டிலும் அதைத்தான் பார்ப்போம். மனைவியின் வீடு கொட்டாஞ்சேனை. அவர்கள் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பூசை, மத்தியானம் சோறு, பின்னேரம் மேட்ச். கல்யாணம் முடிந்து வந்த முதல் ஞாயிறே அவளுடைய அண்ணன் என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓஃப்சைட் என்றால் என்னவென்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. விளங்கிய பிறகு விட முடியவில்லை. பதினைந்து வருடமாக ஞாயிறு பின்னேரம் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

மச்சான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக இருக்கிறார். அந்த மைதானத்தில் ஆடும் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளரும் அவர்தான். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், ஓட்டோ ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்த கழகம் அது. நான் பார்க்கத் தொடங்கிய காலத்தில் தோற்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. தோற்றுவிட்டு ரீ குடித்துக் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அதை மாற்றியவர் எங்கள் பயிற்றுவிப்பாளர். சனம் அவரைக் கோச் என்றும், ஆட்டக்காரர்கள் சேர் என்றும் சொல்வார்கள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பிறந்தது கொட்டாஞ்சேனையில், இப்போது வத்தளையில் வீடு. அவர் பொறுப்பெடுத்தபோது நாங்கள் கீழ்ப்பிரிவில் இருந்தோம். இரண்டாம் வருடம் மேலே வந்தோம். அதற்குப் பிறகு தொடர்ந்து நான்கு வருடம் லீக் கப் எங்களிடம்தான் இருந்தது. விடியற்காலையில் பெடியன்களைக் காக்கைதீவுக் கடற்கரை மணலில் ஓட விடுவார். தானும் கூட ஓடுவார். யாராவது பிந்தி வந்தால் ஏசமாட்டார், அன்றைக்கு அவனோடு கதைக்கமாட்டார், அவ்வளவுதான். ஏச்சை விட அது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் ஒரு இறக்குமதிக் கம்பெனியில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகவே கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தை மச்சான் என் தலையில் கட்டினார். மேட்ச் படங்கள் போடுவது, முடிவு போடுவது, பிறந்தநாள் வாழ்த்துப் போடுவது. வெல்லும் காலத்தில் அது ஒரு வேலையே இல்லை. நான் ஒரு படம் போட்டால் நூறு பேர் கை தட்டுவார்கள். கோச்சின் படம் போட்டால் இன்னும் கூடுதலாகத் தட்டுவார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்புவேன். பந்தை ஒருநாளும் ஒழுங்காகக் காலால் தொட்டிராத எனக்கு, ஏதோ நானும் அந்த வெற்றியில் ஒரு பங்கு செய்ததுபோல இருக்கும்.

நான்காவது கப்புக்கு அடுத்த வருடம் எல்லாம் தலைகீழாகப் போனது. நல்ல ஆட்டக்காரர் மூன்று பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவன் கட்டாரில் கடையில் வேலை, மற்ற இருவரும் இத்தாலியில். அவர்களுக்குப் பதில் எடுத்த பெடியன்கள் இன்னும் பழகவில்லை. முதல் இரண்டு மேட்சும் தோற்றோம், மூன்றாவது சமன். அதற்குள்ளேயே கழகப் பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கோச்சுக்கு வயது போய்விட்டது என்று ஒருவர். பழைய கப்தானை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்று இன்னொருவர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, அம்மா அப்பாவை இழுத்து, சிலர். 'அங்கிள் கெதர யன்ன' என்று சிங்களத்தில் ஒருவர். மாமா, வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

மச்சான் எனக்குப் போன் எடுத்தார். கோச்சைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வந்தாலும் உடனே அழிக்கச் சொன்னார். இது கொமிட்டியின் முடிவு என்றார். கொமிட்டி கூடியதாக எனக்குத் தெரியாது.

"அந்த மனுசன் வர முன்ன இவங்கெல்லாம் எங்க இருந்தாங்க மச்சான்? கிரவுண்ட் மதில்ல ஒரு காக்கா கூட இருக்கல்ல," என்றார். "நாலு கப் எடுத்துத் தந்தவரை மூணு மேட்ச்ல ஏசுறதுக்கு இவங்களுக்கு என்ன தகுதி?"

எனக்கு அதில் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் பட்டது. பழைய கப்தான் விடயத்தில் நானும் அந்தப் பின்னூட்டக்காரரின் கட்சிதான். முப்பத்தாறு வயது, இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும், அவரைச் சுற்றியே எல்லாரும் ஓட வேண்டியிருந்தது. ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கழகத்தில் நான் வெளியில் இருந்து வந்த மாப்பிள்ளை. வெள்ளவத்தைக்காரனுக்கு உதைபந்தைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை. ஆகவே நான் உடன்பட்ட கருத்துகளையும் சேர்த்தே அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் போனில் படமாகப் பிடித்து மச்சானுக்கு அனுப்புவேன், சொன்ன வேலை நடக்கிறது என்று காட்ட. அலுவலகத்தில் மத்தியான இடைவேளையில் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்வேன். இரண்டு மூன்று நாளிலேயே கை தானாகவே செய்தது. வாசித்து முடிக்காமலே அழித்தேன்.

மூன்றாவது மேட்சுக்குப் பிறகு ஒரு பின்னூட்டம் வந்தது. அதை மட்டும் முழுவதும் வாசித்தேன், ஏனென்றால் பிழையில்லாத தமிழில் இருந்தது. முகப்படம் இல்லாத கணக்கு.

'இரண்டாம் பாதியில் வலது பின்கள வீரர் காலை இழுத்துத்தான் ஓடினார். மதில் பக்கம் நின்ற எல்லாரும் கண்டோம். அடுத்த மேட்சில் அவரை ஆடவிடாமல் வெளியில் இருத்தி வையுங்கள்.'

இதை விளக்கவேண்டும். எங்கள் மைதானத்தில் கோச்சும் மாற்று வீரர்களும் உட்காரும் நீள வாங்கு ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் வீதியோர மதில். சனம் பெரும்பாலும் அந்த மதிலோடு ஒட்டித்தான் நிற்கும். முதல் பாதியில் எங்கள் வலது பின்கள வீரர் கோச்சுக்கு முன்னாலேயே ஓடுவார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது மதில் பக்கம் வந்துவிடுவார். களைப்பும் நோவும் தெரிவது அப்போதுதான். அந்த நேரத்தில் அவர் கோச்சில் இருந்து மைதானத்தின் முழு அகலத்துக்கு அப்பால் இருப்பார், எங்களிடம் இருந்து ஐந்தாறு அடியில்.

அந்தப் பெடியனுக்கு இருபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையிலேயே தொடர்மாடி ஒன்றில் வீடு, போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை. அந்த வருடம் நன்றாக ஆடிய ஒரே ஆள் என்றால் அவன்தான். அவனுக்குப் பதில் போட ஆள் இருக்கவில்லை.

நானும் மதில் பக்கம்தான் நிற்பேன். பின்னேர வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் படம் நன்றாக வரும். மூன்றாவது மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்து படங்களைப் பெருப்பித்துப் பார்த்தபோது, பந்து தூரத்தில் இருந்த ஒரு கணத்தில் அவன் குனிந்து வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தான். அந்தப் படத்தை நான் பக்கத்தில் போடவில்லை. நல்ல படம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பின்னூட்டத்தையும் அழித்தேன். அதில் கோச்சைக் குறை சொல்வது இருந்ததா இல்லையா என்று யோசித்தேன். யாரை இருத்துவது யாரை இறக்குவது என்பது கோச்சின் வேலை, அதில் தலையிட்டால் அது குறைதான் என்று முடிவெடுத்தேன்.

நான்காவது மேட்சுக்குப் பிறகு அதே கணக்கில் இருந்து: 'இன்றும் அதே முழங்கால். நான்கு கப் எடுத்துத் தந்தவர் என்பது எங்களுக்கும் தெரியும். அதற்காகக் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல முடியாது.' அழித்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு: 'கோச் அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். ஒரு பாதிக்காவது இந்தப் பக்கம் வந்து பார்க்கட்டும்.' அதையும் அழித்தேன். ஏன் அழிக்கிறீர்கள் என்று அந்தக் கணக்கில் இருந்து எனக்கு ஒரு தனிச் செய்தியும் வந்தது. பதில் போடவில்லை.

ஆறாவது மேட்சில், இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடம்தான் இருக்கும். எதிரணி ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. அவன் திரும்பிப் பந்தை எடுக்கப் போனான், கால் நிலத்தில் ஊன்றியபடி நிற்க உடம்பு மட்டும் திரும்பியது. மதில் பக்கம் நின்றவர்களில் பலர், முழங்காலில் ஏதோ அறும் சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அவன் விழுந்த விதத்தைத்தான் கண்டேன். கோச் மைதானத்துக்குக் குறுக்கால் ஓடி வந்தார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் கண்டதில்லை. வந்து அவனுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மதிலில் இருந்து யாரோ, "இப்பதான் கண்ணுக்குத் தெரியுதா கோச்," என்று சொன்னார்கள். கத்தவில்லை. சாதாரணக் குரலில் சொன்னார்கள். கோச் நிமிர்ந்து எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் கமராவைக் கீழே இறக்கினேன்.

முழங்காலின் உள்ளே தசைநார் அறுந்துவிட்டது, ஒபரேஷன் வேண்டும் என்று அடுத்த நாள் தெரிந்தது. அன்றில் இருந்து பக்கத்தில் பின்னூட்டம் மழைபோல வந்தது. பிள்ளையின் காலை உடைத்தவர் என்று எழுதினார்கள். கப் ஆசை பிடித்தவர் என்று எழுதினார்கள். எதிர்க் கழகத்திடம் ஏதோ வாங்கிவிட்டார் என்று கூட ஒருவர் எழுதினார். மச்சான் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை போன் எடுத்தார். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அழித்தேன். மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இதெல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். சிலது பொய், சிலது இல்லை என்றேன். எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போட்டால் எப்படி என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் தொடர்மாடியின் காவலாளி கீழே இருந்து அழைத்து, ஒருவர் வந்திருக்கிறார் என்றார். கோச். வத்தளையில் இருந்து இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை. மச்சானிடம் முகவரி கேட்கவில்லை, கழகத்தில் வேறு யாரிடமோ கேட்டிருக்கிறார். வெள்ளைச் சேர்ட், கையில் குடை. மனைவி என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க, பிளேன் ரீ போதும் என்றார். உட்கார்ந்ததும் விடயத்துக்கு வந்துவிட்டார்.

"தம்பி, பேஜ்ல வாறதெல்லாம் நீங்க அழிக்கிறீங்கன்னு சலூன்ல சொன்னாங்க. உண்மையா?"

"ஓம் கோச்."

"யாரு சொல்லி?"

கொமிட்டி என்றேன். அவர் தலையை ஆட்டினார். யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, மேற்கொண்டு கேட்கவில்லை. அழித்ததெல்லாம் போய்விட்டதா, எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். போனில் இருக்கிறது என்றேன். வாசிக்கச் சொன்னார். தமிழை ஆங்கில எழுத்தில் போடுவது தனக்கு வாசிக்க வராது, அதனால் நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்றார்.

நான் மெதுவாகத் தொடங்கினேன். மோசமான ஒன்று வந்தபோது தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். எதையும் விடாமல் வாசிக்கச் சொன்னார். அந்த மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து, அவருடைய தாயைப் பற்றி ஒருவன் எழுதியதை நான் வாய்விட்டு வாசித்தேன். அவர் ரீயை ஊதிக் குடித்தார். எதிர்க் கழகத்திடம் வாங்கினார் என்பதற்குச் சிரித்தார். வயது போய்விட்டது என்பதற்கு, அது சரிதானே என்றார். பழைய கப்தானைப் பற்றி வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் யோசித்து, "இதுக்கு நான் பதில் சொல்லலாம். அவன் இல்லாட்டி புதுப் புள்ளைகள் பயப்படுவாங்க," என்றார். பிறகு அடுத்ததை வாசிக்கச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போனது.

முகப்படம் இல்லாத அந்தக் கணக்கின் முதல் பின்னூட்டம் வந்தது. வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். இது எப்போது போட்டது என்று கேட்டார். மூன்றாவது மேட்சுக்குப் பிறகு என்றேன். அடுத்த இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இதை ஏன் அழிச்சீங்க?"

"உங்களைப் பற்றிக் குறையா இருந்தது எண்டு..."

"இது என்னைப் பத்தி இல்ல தம்பி. புள்ளையோட காலைப் பத்தி."

நான் எழுந்து போய் மடிக்கணினியை எடுத்து வந்து, அந்தப் படத்தையும் திறந்து காட்டினேன். எனக்கும் தெரியும் என்று வாயால் சொல்ல முடியாமல்தான் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சும் அவனைக் கேட்டன்," என்றார். "ஓகே சேர்ன்னு சொன்னான். அவன் ஓகே சொல்லணும்னு நானும் நெனச்சன். வேற ஆள் இல்ல. அதனால ரெண்டாந்தரம் கேக்கல்ல."

குசினியில் மனைவி பைப்பை மூடும் சத்தம் கேட்டது.

போகும் முன் ஒரு விடயம் எழுதிப் பக்கத்தில் போடவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று வரிதான். 'மூன்றாவது மேட்சுக்குப் பிறகே வலது பின்கள வீரரின் காலைப் பற்றி ஒரு ரசிகர் எழுதியிருக்கிறார், அது சரி. நான் காணவில்லை, இரண்டாந்தரம் கேட்கவும் இல்லை. பிழை என்னுடையது.' கீழே தன் பெயரைப் போடச் சொன்னார். அதை யார் அழித்தது என்று எழுதவேண்டாம் என்றும் சொன்னார். நான் அதையும் எழுதத் தயார் என்றேன். வேண்டாம், அது வேறு கதையாகப் போய்விடும் என்றார்.

மச்சானைக் கேட்காமலே போட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. இவ்வளவு காலத்தில் அவர் என்னோடு குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான். கோச் நல்ல மனிதர், தன் நல்லது தெரியாத மனிதர், அவர் சொன்னால் உங்களுக்கு யோசனை வேண்டாமா என்று கேட்டார். "கல்லெறியிறவன்ட கையில நீங்களே கல்லைக் குடுத்திட்டீங்க மச்சான்," என்றார். இனிமேல் யாருடையதையும் அழிக்கமாட்டேன் என்று சொன்னேன். அப்படியானால் பக்கத்தைத் திருப்பித் தாருங்கள் என்றார். கொடுத்துவிட்டேன்.

மச்சான் சொன்னதுபோலவே நடந்தது, அதை மறைக்க முடியாது. தானே ஒப்புக்கொண்டார் என்று காட்டிக் காட்டி ஏசினார்கள். அடுத்த ஞாயிறு கோச் மைதானத்துக்குள் வந்தபோது மதில் பக்கத்தில் இருந்து ஊளையிட்டார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை எறிந்தார். நான்கு வருடம் அவரைத் தோளில் தூக்கிய அதே சனம். கோச் போத்தலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாங்கில் போய் உட்கார்ந்தார். இடைவேளை முடிந்ததும் எழுந்து, மைதானத்தைச் சுற்றி நடந்து, மதில் பக்கம் வந்து நின்றார். ஊளையிட்டவர்களுக்குப் பத்தடி முன்னால். கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. அடங்கியது என்று சொல்லமாட்டேன்.

அதற்கு இடையில், கோச் கேட்டுக்கொண்டதால், முகப்படம் இல்லாத அந்தக் கணக்குக்கு நான் பதில் எழுதியிருந்தேன். அழித்தது நான்தான், மன்னிக்கவும், கோச் உங்களைப் பார்க்க விரும்புகிறார் என்று. ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. கொட்டாஞ்சேனைச் சந்திக்குக் கிட்டே ஒரு பார்மசியின் பெயரைச் சொல்லி, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வரலாம் என்று எழுதியிருந்தது. கோச்சும் நானும் போனோம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் உள்ளே நின்று ஒரு வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில் மருந்து எப்படிக் குடிப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவரை நான் நூறு தடவை மைதானத்தில் கண்டிருக்கிறேன். கணவரோடு வந்து மதிலின் கடைசி மூலையில் நிற்பார். கத்திக் கண்டதில்லை.

வாடிக்கையாளர் போன பிறகு கோச் தன்னை அறிமுகப்படுத்தத் தொடங்கினார். அந்த அக்கா சிரித்துவிட்டார். பிறகு, தான் எழுதியது கோச்சுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருந்தால் அதற்கு வருத்தம், எழுதியதற்கு வருத்தம் இல்லை என்றார்.

"கப் எடுத்த நாளெல்லாம் நாங்க கத்தினதுக்கு நீங்க கை தூக்கிக் காட்டினீங்கதானே சேர்," என்றார். "அதே வாய்தான் இதுவும்."

கோச் ஆம் என்று தலையாட்டினார். அந்த அக்கா அதோடு நிறுத்தவில்லை. கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த முழுவதையும் தான் எழுதவில்லை என்றார். பெடியன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன்னிடம்தான் நோவுக்கு மாத்திரையும் முழங்காலுக்குச் சுற்றும் பட்டியும் வாங்கியிருக்கிறான். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறான். வாடிக்கையாளர் வாங்குவதை வெளியில் சொல்லக்கூடாது, ஆகவே மதிலில் நின்று கண்டதை மட்டும் எழுதினேன் என்றார். வீட்டுக்குப் போய் அவனுடைய அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது நித்திரை வருவதில்லை என்றார். பிறகு யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள், நாங்கள் வெளியில் வந்தோம்.

கோச் அங்கிருந்து நேரே பெடியனின் வீட்டுக்குப் போனார். என்னைக் கீழே நிற்கச் சொன்னார். தொடர்மாடியின் அடியில், ஓட்டோக்களுக்குப் பக்கத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். இறங்கி வந்தவர் என்ன கதைத்தார் என்று சொல்லவில்லை. பஸ் தரிப்பிடம் வரை நடந்தோம். வத்தளை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பெடியனே பல மாதம் கழித்துச் சொன்னான். என் போனின் கண்ணாடி வெடித்து அவன் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன். சேர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, பிழை என்னுடையது என்று சொன்னாராம். அவன் இல்லை சேர் என்று சொன்னானாம். இல்லை என்று சொல்லாதே, நீ எப்போதும் அப்படித்தான் சொல்லுவாய் என்று சேர் சொன்னாராம். அப்போதுதான் தனக்கு அழுகை வந்தது என்றான். உண்மையில் யாரில் கோபம் என்று கேட்டேன். அவன் ஒரு சின்னத் திருகாணியைத் தேடிக்கொண்டே யோசித்தான்.

"சேர்ல இல்லன்னு சொன்னா பொய்," என்றான். "ஆனா அவர் என்னை இருத்தியிருந்தாலும் அவர்லதான் கோவிச்சிருப்பன் அண்ணா."

இதைச் சொல்லிவிட்டு, கண்ணாடி ஒரிஜினல் போடவா சாதாரணமானது போடவா என்று கேட்டான்.

அந்த வருடம் லீக்கில் நாங்கள் நடுவில் எங்கோ முடித்தோம். வருடக் கடைசியில் கொமிட்டி கூடியது. கோச் போகவேண்டும் என்று பாதிப் பேர், இருக்கவேண்டும் என்று பாதிப் பேர். மச்சான் அவருக்காக ஒரு மணித்தியாலம் வாதாடினார் என்று கேள்விப்பட்டேன். கோச் தொடர்ந்தார். ஒவ்வொரு மேட்சிலும் இரண்டாம் பாதியை மதில் பக்கம் நின்று பார்க்கிறார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் நினைவு வரும்போது வருவார், மேட்ச் சூடாக இருந்தால் வாங்கிலேயே இருந்துவிடுவார். பழைய கப்தான் இன்னும் ஆடுகிறார். அதில் என் கருத்து மாறவில்லை. இப்போது அதை வாய்விட்டுச் சொல்கிறேன், மச்சான் முன்னால் கூட. அவர் வழமைபோல நான்கு கப்பையும் எண்ணிக் காட்டுவார். எங்களுக்குள் பழைய உறவு வந்துவிட்டது, ஆனால் அந்த இரண்டு நாள் லீவைப் பற்றி மட்டும் இருவரும் கதைப்பதில்லை.

பெடியன் பத்து மாதத்துக்குப் பிறகு திரும்ப ஓடத் தொடங்கினான். பழைய வேகம் வரவில்லை. ஒரு வருடம் முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டான். இப்போது ஞாயிறுகளில் மதில் பக்கம் எங்களோடு நிற்கிறான். பின்கள வீரர்களை எங்கே நிறுத்தவேண்டும் என்று எங்கள் எல்லாரையும் விட அவனுக்குத்தான் தெரியும், எங்கள் எல்லாரையும் விடச் சத்தமாகக் கோச்சைக் குறை சொல்பவனும் அவன்தான். போன மாதம் ஒரு மேட்சில், மாற்று ஆளை இன்னும் இறக்கவில்லை என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். கோச் எங்கள் பக்கம் பார்த்தார். மாற்று ஆளை இறக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு கோலில் தோற்றோம். பெடியன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான், நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நடந்தேன்.